மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி

வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் தரவேண்டும் என்பது இன்று சாதாரண விஷயமாகத் தோன்றுகிறது. ஆனால், தொழிலாளியின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டுவதே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒரு பெரிய நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன காலமும் இருந்தது. அந்த நாடு அமெரிக்கா. ஆண்டு 1905. அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்துச் சில பத்திகளில் ஒரு மாற்றுத் தீர்ப்பு எழுதினார் ஒரு நீதிபதி. அன்று அவர் கட்சி தோற்றது. பின்னாளில் அதுவே நிலைத்தது. அவர்தான் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்.

போர்க்களத்தில் மாணவர்

1841-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி பாஸ்டன் நகரில் ஹோம்ஸ் பிறந்தார். தந்தை பெயரும் அதுவே. அவர் டாக்டர், புகழ் பெற்ற எழுத்தாளரும்கூட. தாயார் ஒரு நீதிபதியின் மகள்.

1861-ல் ஹார்வர்டு கல்லூரியில் படிப்பை முடித்த வேளையில் அடிமை முறையை ஒட்டி உள்நாட்டுப் போர் மூண்டது. இளைஞர் ஹோம்ஸ் வட மாநிலங்களின் படையில் சேர்ந்தார். மூன்று முறை குண்டடி பட்டார். முதலில் மார்பில், அடுத்து கழுத்தில், மூன்றாவது குதிகாலில். 1864-ல் வீடு திரும்பியவர் சட்டம் படிக்கச் சேர்ந்தார். தான் நினைப்பதே முழு உண்மை என்று நம்பும் மனிதர்களைப் பற்றி அவருக்குக் கடைசிவரை ஒரு சந்தேகம் இருந்தது.

பகலில் வக்கீல் தொழில், மற்ற நேரத்தில் பழைய சட்டப் புத்தகங்கள் என்று ஆண்டுகள் ஓடின. 1880-ல் பாஸ்டனில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1881-ல் 'தி காமன் லா' என்ற நூலாக வெளிவந்தன. சட்டம் கணக்குப் பாடம் போலச் சூத்திரத்தில் பிறந்தது அல்ல, மக்கள் பட்ட அனுபவத்தில் வளர்ந்தது என்பது அந்நூலின் சாரம். மறு ஆண்டே ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார். சில மாதங்களில் மாசசூசெட்ஸ் மாநில உயர்ந்த கோர்ட்டின் நீதிபதி பதவி தேடி வந்தது.

ஒப்பந்தம் என்பது என்ன?

ஒப்பந்தச் சட்டத்தில் ஹோம்ஸ் சொன்ன இரண்டு கருத்துகள் இன்றும் சட்டக் கல்லூரிகளில் விவாதிக்கப்படுகின்றன.

முதலாவது, மனதுக்குள் என்ன நினைத்தான் என்று கோர்ட்டு பார்க்காது. வெளியே என்ன சொன்னான், என்ன செய்தான் என்றுதான் பார்க்கும். மாட்டை நூறு ரூபாய்க்கு விற்பதாக வாய்விட்டுச் சொல்லிக் கையும் அடித்த பிறகு, என் மனதில் இருந்தது வேறு தொகை என்றால் செல்லாது.

இரண்டாவது, 1897-ல் ஒரு சொற்பொழிவில் கூறியது. சட்டத்தின் பார்வையில் வாக்குக் கொடுப்பது என்றால், ஒன்று சொன்னதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நஷ்டஈடு கட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார். சொன்ன சொல்லைக் காப்பது தர்மம் என்ற எண்ணத்தையே இது கெடுத்துவிடும் என்று எதிர்த்தவர்கள் உண்டு. தர்மத்தை அவர் மறுக்கவில்லை. தர்மம் வேறு, கோர்ட்டு தரக்கூடிய பரிகாரம் வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்பதே அவர் வாதம்.

ஒப்பந்தத்தை இப்படித் தெய்வ பீடத்திலிருந்து இறக்கி வைத்தவர், 1902-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டால் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக நியமிக்கப்பட்டார்.

ரொட்டிக் கடை வழக்கு

ரொட்டித் தொழிலாளர்கள் நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று 1895-ல் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது. அடுப்பு அனலிலும் மாவுத் தூசியிலும் கிடந்து உழைத்தவர்கள் அவர்கள். யூட்டிகா என்ற ஊரில் ரொட்டிக் கடை வைத்திருந்த ஜோசப் லாக்னர் இச்சட்டத்தை மீறியதாக 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்.

உரிய சட்ட முறையின்றி யாருடைய உயிரையும், சுதந்திரத்தையும், சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம். விடுதலை பெற்ற அடிமைகளைக் காக்க 1868-ல் வந்தது. அந்தச் சுதந்திரத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரமும் அடங்கும், எத்தனை மணி நேரம் உழைப்பது என்பது முதலாளியும் தொழிலாளியும் பேசிக்கொள்ள வேண்டியது என்று ஐந்து நீதிபதிகள் கூறினர். சட்டம் செல்லாமல் போயிற்று. நால்வர் எதிர்த்தனர்.

ஹோம்ஸ் தனியாக எழுதினார். முதலாளி-தொழிலாளி விவகாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது ஒரு பொருளாதாரக் கொள்கை. அதைப் பலர் ஏற்கலாம், பலர் மறுக்கலாம். ஆனால் எந்தக் கொள்கையையும் அரசியல் சட்டம் தன் கொள்கையாக எழுதி வைக்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த சபை சட்டம் போட்டால், நீதிபதிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் தள்ள முடியாது. இதுவே அவர் தீர்ப்பின் பொருள். வேடிக்கை என்னவென்றால், தொழிலாளர் சட்டங்களால் பெரிய நன்மை விளையும் என்று ஹோம்ஸுக்கே நம்பிக்கை இல்லை.

ரெயில்வே தொழிலாளர்கள்

சங்கத்தில் சேர்ந்ததற்காக ரெயில்வே தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவது குற்றம் என்று 1898-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டம் செய்திருந்தது. 1908-ல் சுப்ரீம் கோர்ட்டு அதையும் ரத்து செய்தது. ஹோம்ஸ் எதிர்த்தார். சங்கத்தை விட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலை இல்லை என்று ஒரு ரெயில்வே தொழிலாளியிடம் கேட்ட வழக்கு 1915-ல் வந்தது. அப்படிக் கேட்பதைத் தடுத்த கன்சாஸ் மாநிலச் சட்டமும் விழுந்தது. அப்போதும் ஹோம்ஸ் எதிர்த்தார். இருவரும் சமநிலையில் நின்றால்தான் ஒப்பந்தச் சுதந்திரம் என்ற பேச்சே தொடங்கும், அந்தச் சமநிலையை ஏற்படுத்தச் சட்டம் செய்வதில் தவறில்லை என்றார். 1918-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் ரத்தானபோதும், 1923-ல் பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ரத்தானபோதும் அவர் மாற்றுத் தீர்ப்பே எழுதினார்.

மறைக்க முடியாத குறை

சட்டசபைக்கு விட்டுக்கொடுப்பது என்ற அதே கொள்கை ஏழைக்கு எதிராகவும் திரும்பியது. அலபாமா மாநிலத்தில் அலோன்சோ பெய்லி என்ற கறுப்பினத் தொழிலாளி 15 டாலர் முன்பணம் வாங்கி, ஒரு வருட ஒப்பந்தத்தில் பண்ணை வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் வேலையை விட்டார். முன்பணத்தைத் திருப்பாமல் வேலையை விட்டாலே மோசடி நோக்கம் என்று கருதித் தண்டிக்க அங்கே சட்டம் இருந்தது. முன்பணம் வாங்கிக் கொத்தடிமையானவர்களின் கதை நம் நாட்டுக்கும் புதிதல்ல. 1911-ல் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டத்தை ரத்து செய்தது. ஹோம்ஸ் அதை ஆதரித்து மாற்றுத் தீர்ப்பு எழுதினார். ஒப்பந்தத்தை மீறினால் நஷ்டஈடுதான் என்று சொன்னவர், அங்கே சிறையையும் ஒப்புக்கொண்டார்.

1927-ல் வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை ஆபரேஷன் செய்யலாம் என்று தீர்ப்பு எழுதியவரும் அவரே. அவர் பெயருக்கு அது அழியாத களங்கம்.

இந்தியா வரை

1932-ல், 90 வயதில் ஹோம்ஸ் ஓய்வு பெற்றார். 1935 மார்ச் 6-ந் தேதி காலமானார். குழந்தைகள் இல்லை. சொத்தில் கணிசமான பகுதியை நாட்டுக்கே எழுதி வைத்தார். 1937-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை சுப்ரீம் கோர்ட்டு ஏற்றது. 1941-ல் குழந்தைத் தொழிலாளர் வழக்கின் தீர்ப்பும் மாற்றப்பட்டது. தோற்ற கட்சி வென்றது.

அவரைக் குருவாகக் கொண்டவர் நீதிபதி பிராங்பர்ட்டர். 1947-ல் நம் அரசியல் சட்ட ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று அவரைச் சந்தித்தார். ரொட்டிக் கடை வழக்கில் கோர்ட்டு பிடித்துக்கொண்ட அந்த உரிய சட்ட முறை என்ற சொற்கள் இந்தியாவுக்கு வேண்டாம் என்று பிராங்பர்ட்டர் யோசனை கூறினார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அதை ஆதரித்தார். நம் 21-வது ஷரத்தில் அந்தச் சொற்கள் இடம் பெறவில்லை.

இதனால் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. 1950-ல் சென்னை அரசு காவலில் வைத்திருந்த ஏ.கே. கோபாலன் வழக்குப் போட்டபோது, காவல் சட்டம் நியாயமானதா என்று பார்க்க சுப்ரீம் கோர்ட்டு மறுத்தது. நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்ற தீர்ப்பு 1978-ல் மேனகா காந்தி வழக்கில்தான் வந்தது.

சட்டசபையை நம்பு என்று ரொட்டித் தொழிலாளிக்காகப் பேசிய அதே ஹோம்ஸ், பெய்லிக்கு உதவவில்லை. சட்டசபையும் தவறு செய்யும், கோர்ட்டும் தவறு செய்யும். யார் கையில் அதிகாரம் இருந்தாலும், கடைசியில் உழைப்பவன் நிலை என்ன ஆயிற்று என்று பார்ப்பதே நியாயத்தின் அளவுகோல். ஹோம்ஸின் வாழ்க்கை, அவர் வென்ற இடத்திலும் தவறிய இடத்திலும், அதைத்தான் காட்டுகிறது.