சாயத்தில் பிறந்த சஞ்சீவி

கையில் சிறு காயம் பட்டாலும் உயிருக்கு ஆபத்து என்ற காலம் ஒன்று இருந்தது. காயத்தின் வழியே புகுந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால், டாக்டர்கள் கையைப் பிசைந்து கொண்டு நிற்பார்கள். அந்த நிலையை மாற்றியவர், கெர்ஹார்ட் டோமாக்.

ஜெர்மனியில் 1895-ம் ஆண்டு பிறந்தவர். டாக்டருக்குப் படிக்கும்போது முதல் உலகப்போர் மூண்டது. பட்டாளத்தில் சேர்ந்தார். காயம் அடைந்தார். பிறகு ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். ஆபரேஷனில் பிழைத்த சிப்பாய்கள், புண்ணில் கிருமி புகுந்து மாண்டார்கள். அதைக் கண்டு மனம் நொந்தார்.

சிவப்புச் சாயம்

1927-ல் பேயர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். கிளாரர், மீட்ஷ் என்ற ரசாயன நிபுணர்கள் புதுப்புதுச் சாயங்களைத் தயாரித்துக் கொடுத்தார்கள். நோய்க்கிருமி ஏற்றிய சுண்டெலிகளுக்கு அவற்றைக் கொடுத்துப் பார்த்தார் டோமாக். ஆண்டுகள் ஓடின. பலன் இல்லை.

1932 டிசம்பரில், கந்தகம் சேர்ந்த ஒரு சிவப்புச் சாயத்தைக் கொடுத்தார். சாயம் பெறாத எலிகள் செத்தன. பெற்றவை பிழைத்தன! அதுதான் "புரொன்டோசில்" என்ற மருந்து.

கண்ணாடிக் குழாயில் வளர்த்த கிருமிகளை இந்தச் சாயம் கொல்லவில்லை. உயிருள்ள உடம்பில்தான் வேலை செய்தது. காரணம் என்ன? உடம்புக்குள் போனதும் சாயம் உடைகிறது. அதில் ஒரு துண்டுதான் மருந்து. இதைப் பாரிஸ் விஞ்ஞானிகள் 1935-ல் கண்டுபிடித்தார்கள். கிருமிக்குத் தேவையான ஒரு பொருளைப் போலவே அந்தத் துண்டு இருக்கும். கிருமி ஏமாந்துவிடும். அதன் வளர்ச்சி நின்றுவிடும். இது பின்னால் தெரிந்தது.

மகளுக்கு ஆபத்து

1935-ம் ஆண்டு இறுதியில், டோமாக்கின் 6 வயது மகள் ஊசியும் கையுமாகத் தவறி விழுந்தாள். ஊசி கையில் குத்தி உடைந்தது. சீழ் பிடித்தது. காய்ச்சல் கொதித்தது. பலமுறை கீறியும் குணம் இல்லை. கையையே வெட்ட வேண்டிவரும் என்றார்கள் டாக்டர்கள்.

எலிகளைக் காத்த மருந்தை மகளுக்குக் கொடுத்தார் தகப்பனார். காய்ச்சல் இறங்கியது. உயிரும் தப்பியது, கையும் தப்பியது.

பரிசும் சிறையும்

1939-ல் டோமாக்குக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஜெர்மானியர் அந்தப் பரிசை வாங்கக்கூடாது என்பது ஹிட்லரின் உத்தரவு. ரகசியப் போலீசார் டோமாக்கைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். பரிசு வேண்டாம் என்று கையெழுத்துப் போட வைத்தார்கள்.

ஹிட்லர் ஒழிந்த பின், 1947-ல் தங்கப் பதக்கம் கைக்கு வந்தது. கெடு முடிந்துவிட்டதால் பணம் கிடைக்கவில்லை.

டோமாக் 1964-ல் காலமானார். அவர் வழிகாட்டிய சல்பா மருந்துகள் இன்றும் சில நோய்களுக்குக் கொடுக்கப்படுகின்றன.