பாரதியைக் கொன்றது யானையா?

மகாகவி பாரதியார் எப்படி இறந்தார் என்று கேட்டால், திருவல்லிக்கேணி கோயில் யானை தாக்கி இறந்தார் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். பள்ளி நாள்களில் எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். யானை அவரைத் தள்ளியது உண்மை. அதனால் அவர் இறந்தார் என்பது உண்மையன்று.

அந்தக் கதை சரியாக இருந்திருந்தால், 1921 செப்டம்பர் 12 காலையில் திருவல்லிக்கேணி வீட்டு வாசலுக்குக் காவல் துறையினர் வந்திருக்க வேண்டும். அன்று நடைமுறையில் இருந்த 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 174, தற்கொலை, கொலை, விபத்து, இயந்திரத்தால் நேர்ந்த மரணம் ஆகியவற்றோடு விலங்கால் நேர்ந்த மரணத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அத்தகைய இறப்பில் காவல் அதிகாரி பிரேத விசாரணை நடத்த வேண்டும். காரணத்தில் ஐயம் இருந்தால் உடலை மருத்துவரின் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பாரதியின் உடலோ பிணவறைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து நேராகக் கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்குப் போயிற்று.

கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கி.மீ. தொலைவிலுள்ள எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11 அன்று பிறந்தவர் அவர். ஐந்து வயதில் தாய் லட்சுமி அம்மாளை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயர் கணிதத்திலும் இயந்திரத் தொழிலிலும் நாட்டம் கொண்டவர். கரிசல் காட்டுப் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் பஞ்சாலை நிறுவினார். ஆலை நொடித்தது. 1898இல், வறுமையில் அவர் காலமானார். அப்போது பாரதிக்கு 16 வயதுகூட நிரம்பவில்லை. செல்லம்மாளை மணந்து ஓராண்டே ஆகியிருந்தது. ஓர் இறப்பு ஒரு குடும்பத்தின் சோற்றையும் இருப்பிடத்தையும் எப்படிப் பறிக்கும் என்பதை அவர் அந்த வயதிலேயே அறிந்துகொண்டார். அத்தையின் ஆதரவை நாடிக் காசிக்குப் போனார்.

பிறகு நடந்தவை தமிழுலகம் அறிந்தவை. எட்டயபுரம் ஜமீன் பணி, 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாத ஆசிரியப் பணி, அதே ஆண்டு இறுதியில் சுதேசமித்திரன், பின்னர் ‘இந்தியா’ வார இதழ். 1908இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி சென்றவர் பத்தாண்டுகள் அங்கே கழித்தார். அவர் புதுச்சேரியில் இருந்தபோது, 1911 ஜூன் 17 அன்று, கோவில்பட்டிக்குத் தெற்கே மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்டார். புதுச்சேரியில் இருந்த தேசபக்தர்கள் அனைவர் மீதும் காவல் துறையின் கண் இன்னும் இறுகியது. 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைந்தபோது பாரதி கைதாகி, சில வாரங்கள் கடலூர்ச் சிறையில் இருந்தார். விடுதலைக்குப் பின் மனைவியின் ஊரான கடையத்தில் இரண்டாண்டு. தம் எழுத்துகளை 40 நூல்களாக அச்சிட விரும்பி நண்பர்களிடம் கடனுதவி கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் வந்து சேரவில்லை. 1920இல் மீண்டும் சுதேசமித்திரன் பணிக்காகச் சென்னை வந்தார்.

இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் யானைச் சம்பவம் நிகழ்ந்தது. வழக்கம்போல் பழம் கொடுக்கப் போனவரை மதம் பிடித்திருந்த யானை தள்ளிவிட்டது. அதன் கால்களுக்கிடையே கிடந்தவரைக் குவளைக் கண்ணன் பாய்ந்து தூக்கி வெளியே கொண்டுவந்தார். காயம் ஆறிற்று, பாரதி அலுவலகம் திரும்பினார். 1921 ஜூலை 31 அன்று ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வாசகசாலைக்கு ரயிலேறிச் சென்று உரையாற்றினார். மனிதனுக்கு மரணமில்லை என்பது அன்றைய தலைப்பு. யானையால் சாகக் கிடந்தவர் மேற்கொள்ளக்கூடிய பயணமா அது?

செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு கண்டது. சிறையும் வறுமையும் ஒழுங்கற்ற உணவும் ஏற்கெனவே உருக்கியிருந்த உடல். யானை தந்த அதிர்ச்சியும் அதைத் தளர்த்தியிருக்கலாம். மருத்துவரை அழைத்து வந்தபோது மருந்துண்ண மறுத்துவிட்டார். கடைசி இரவில் பரலி சு. நெல்லையப்பரும், ஆஷ் வழக்கில் ஏழாண்டு தண்டனை பெற்ற நீலகண்ட பிரம்மச்சாரியும் உடனிருந்தனர். நள்ளிரவு கடந்து 1:30 மணி அளவில் உயிர் பிரிந்தது. 39 வயது நிறைய மூன்று மாதங்கள் இருந்தன. மயானத்துக்குச் சென்றவர்கள் இருபது பேர்கூட இல்லை. ஆண் பிள்ளை இல்லாததால் உறவினர் ஹரிஹர சர்மா தீ மூட்டினார்.

இவ்வளவு பேர் அருகிருந்து பார்த்த ஒரு மரணத்துக்கே வேறொரு காரணம் ஒட்டிக்கொண்டது ஏன்? என் எண்ணம் இது: யானை நமக்கு வசதியானது. யானை கொன்றது என்றால் அது விதி. எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தெட்டு வயதில் வயிற்றுக்கடுப்புக்கு ஈடுகொடுக்க முடியாத உடலோடு ஒரு கவிஞன் இருந்தான் என்றால், அவன் கேட்ட கடனைக் கொடுக்காத சமூகத்தின் மீது கேள்வி எழும்.

மரணத்துக்கு வேறொரு காரணம் எழுதப்படுவது பாரதியோடு முடிந்த கதையன்று. அவர் பிறந்த அதே கரிசல் வட்டாரத்தில், 2020 ஜூனில், சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட வணிகர் ஒருவரும் அவருடைய மகனும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, சில மணி நேர இடைவெளியில் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் உயிரிழந்தனர். தரையில் உருண்டதால் காயம் என்றது முதல் தகவல் அறிக்கை. குடும்பம் அதை ஏற்கவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டது. நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று மருத்துவர்கள் கொண்ட குழு, காணொளிப் பதிவுடன் உடற்கூறாய்வு செய்தது. உருண்டு விழுந்த கதை அந்த மேசையில்தான் உடைந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் மதுரைக் கிளை மற்றொரு வழக்கில் நெறிமுறைகளை வகுத்தது. காவல் மரணங்களில் துணைவரோ நெருங்கிய உறவினரோ உடலைப் பார்ப்பதற்கு முன் உடற்கூறாய்வு தொடங்கக் கூடாது. உடல் முழுவதும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அறிக்கையும் காணொளியும் வாரிசுகளுக்குத் தரப்பட வேண்டும். நீதிமன்றம் செல்லப்போவதாகக் குடும்பம் எழுதிக் கொடுத்தால் உடலைக் குறைந்தது 48 மணி நேரம் பாதுகாக்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

காவலில் அல்லாமல் தீப்பெட்டி ஆலையிலோ பருத்திக் காட்டிலோ ஒருவர் திடீரென இறந்தால், குடும்பத்துக்கு இத்தனை உரிமைகள் இல்லை. சந்தேக மரணம் என்று பதிவானால் உடற்கூறாய்வுக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. காவல் அதிகாரி அவசியமில்லை என்று கருதிவிட்டால், வேண்டுமென்று வற்புறுத்தும் மனைவி நீதிமன்றப் படியேற வேண்டும். பிரிவு 174 இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 194 ஆகியிருக்கிறது; இந்த நிலை மாறவில்லை. ஒன்று மட்டும் 2023இல் நல்லபடியாக மாறியது: பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தத்தின்படி, மருத்துவமனை தரும் இறப்புக் காரணச் சான்றின் நகல் நெருங்கிய உறவினருக்கும் வழங்கப்பட வேண்டும். ஆனால் 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்றுடன் காரணம் பதிவானவை சுமார் 22.5 விழுக்காடு மட்டுமே. மற்றவர்களுக்கு ஊரார் சொல்வதே காரணம்.

பாரதியின் இறப்பில் தேதிகூட இரண்டாகிவிட்டது. சென்னை மாநகராட்சியின் பதிவு செப்டம்பர் 12 என்கிறது. அரசு மகாகவி நாளாகக் கொண்டாடுவதோ செப்டம்பர் 11. உடனிருந்த செல்லம்மாள் 1955 வரை வாழ்ந்தார். கணவரின் வரலாற்றை அவர் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதினார். 1941இல் நூலாக வந்தது. திருச்சி வானொலியிலும் கணவரைப் பற்றிப் பேசினார். அதன் பின்னும் பள்ளிக்கூடங்களில் யானைக் கதையே நிலைத்தது.