உறவுகளில் மருந்து தேடியவர்

மனநோய் ஒருவரின் மூளைக்குள் மட்டுமே நிகழ்வது என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். அவருக்கும் அவரைச் சுற்றியிருப்போருக்கும் இடையிலும் அது உருக்கொள்கிறது என்று வலியுறுத்தியவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன்.

நியூயார்க் மாகாணத்தின் நார்விச்சில் 1892-ஆம் ஆண்டு பிறந்த சல்லிவன், ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் உயிர்பிழைத்து வளர்ந்த ஒரே பிள்ளை. புராட்டஸ்டன்ட் பிரிவினர் மிகுந்த கிராமப்புறத்தில், பண்ணை வீடொன்றில், விளையாட்டுத் துணையின்றி வளர்ந்தார். பதின்பருவத்துக்கு முன் அமையும் ஒரு நெருங்கிய நட்பு மனநலத்துக்கு இன்றியமையாதது என்று பின்னாளில் அவர் விரிவாக எடுத்துரைத்ததில் அந்தத் தனிமையின் நிழல் படிந்திருப்பதாகவே நான் கருதுகிறேன்.

1920-களில் மேரிலாந்தின் ஷெப்பர்டு மருத்துவமனையில் மனச்சிதைவுக்கு ஆளான இளைஞர்களுக்கு அவர் சிகிச்சையளித்தார். 1929-இல் அங்கே ஒரு சிறிய தனிப்பிரிவைத் தொடங்கினார். பணியாளர்களைத் தாமே தேர்ந்தெடுத்து, நோயாளிகளோடு நட்புடன் பழகப் பயிற்றுவித்தார். அவர்களில் கணிசமானோர் தேறியதாகவும் பதிவு செய்தார். மருத்துவர் விலகி நின்று பார்ப்பவர் அல்லர், உறவில் பங்கேற்பவர் என்பதே அவர் கொள்கை.

1949-ஆம் ஆண்டு ஜனவரியில், ஆம்ஸ்டர்டாமில் உலக மனநலக் கூட்டமைப்பின் கூட்டத்தில் பங்கேற்றுத் திரும்பும் வழியில், பாரிஸ் விடுதியொன்றில் அவர் காலமானார். எனினும், அவர் சிந்தனை மறையவில்லை. ஜெரால்டு கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் 1970-களில் உருவாக்கிய 'உறவுசார் உளசிகிச்சை'க்கு அதுவும் ஓர் அடித்தளம். பிரிவுத்துயர், உறவுப் பிணக்கு, வாழ்க்கை நிலை மாற்றம், உறவின்மை ஆகிய நான்கில் மனச்சோர்வோடு பிணைந்திருப்பது எது என்று கண்டறிந்து, 12 முதல் 16 வாரங்களில் அதைச் சீர்செய்ய முயல்வதே இம்முறை. சொல்லாமல் விழுங்கிய வருத்தத்தை உரியவரிடம் எவ்வாறு சொல்வது என்பதும் அங்கே பயிற்சியாகிறது.

உகாண்டாவின் கிராமங்களில், மருத்துவர் அல்லாத உள்ளூர்க்காரர்களே பயிற்சி பெற்று இதைக் குழுக்களாக நடத்தினர். மனச்சோர்வு வெகுவாகக் குறைந்ததை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2016-இல் உலக சுகாதார அமைப்பு இதற்கெனக் கையேடே வெளியிட்டது.

மருந்து தேவைப்படுவோருக்கு மருந்து வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், சோர்ந்திருப்பவரிடம் மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று அறிவுரை கூறி நாம் விலகிவிடுகிறோம். யாரை இழந்தார், யாரோடு பேச்சு நின்றது என்று கேட்பதில்லை. சல்லிவனின் வாழ்க்கை நம்மிடம் வேண்டுவது அந்த விசாரிப்பைத்தான்.