துடைப்பத்தோடு ஊர் புகுந்த காட்கே மகாராஜ்

மும்பை மகாலட்சுமி ரயில் நிலையத்தில் இறங்கி, சலவைத் தொழிலாளர்களின் தோபி காட்டைத் தாண்டிச் சற்று தூரம் நடந்தால் ஏழு சாலைகள் கூடும் வட்டம் ஒன்று வரும். பழைய ஆட்கள் அதை ஜேக்கப் சர்க்கிள் என்பார்கள். டாக்ஸிக்காரரிடம் சாத் ரஸ்தா என்றால் போதும். ஆனால் அதன் முறையான பெயர் சந்த் காட்கே மகாராஜ் சௌக். அந்த வழியாக வருடக் கணக்கில் வேலைக்குப் போய் வருகிற நம்மவர்களிடம் இவர் யார் என்று விசாரித்தால், மராட்டியர்களின் சாமியார் ஒருவர் என்ற அளவில்தான் பதில் கிடைக்கும். சாமியார்தான். ஆனால் கமண்டலத்துக்குப் பதில் துடைப்பத்தைக் கையில் பிடித்த சாமியார். பிறப்பால் சலவைத் தொழிலாளி. தோபி காட்டுக்குப் பக்கத்திலேயே அவர் பெயரும் அமைந்தது பொருத்தம்தான்.

அவருடைய இயற்பெயர் டேபூஜி. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி, பேரார் பகுதியில் அமராவதி ஜில்லாவைச் சேர்ந்த ஷேண்ட்காவ் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் ஜிங்ராஜி, தாயார் சக்குபாய். சாதியில் பரீட், அதாவது நம் பக்கத்து வண்ணார். தகப்பனார் குடிப்பழக்கத்தால் நிலபுலன்களை இழந்து, பையன் சிறுவனாக இருந்தபோதே காலமானார். தாயார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனார். டேபூஜி தாய்மாமன் வீட்டு மாடுகளை மேய்த்தார், வயலில் உழுதார். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்கவில்லை.

தாய்மாமனுக்கும் எழுத்து வாசனை கிடையாது. லேவாதேவிக்காரர் நீட்டிய பத்திரங்களில் கைநாட்டு வைத்தார், நிலம் கைமாறியது, அந்த ஏக்கத்திலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். குடி ஒரு வீட்டையும், கைநாட்டு இன்னொரு வீட்டையும் அழித்ததைப் பையன் கண்ணால் பார்த்தான். பிற்காலத்தில் அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு வீடுகளின் கதைதான்.

1892இல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி குந்தாபாய். பெண் குழந்தை பிறந்து பெயர் சூட்டு விழா வந்தபோது, சாராயமும் ஆட்டுக்கறியும் வைத்துச் சாதிக்காரர்களுக்கு விருந்து போடுவது அங்கே கட்டாய வழக்கம். டேபூஜி இனிப்புப் பலகாரம் போட்டு விருந்தை முடித்தார். பங்காளிகள் முகம் சுளித்தார்கள். கடன் வாங்கிக் குடிக்க வைத்துவிட்டு அப்புறம் நிலத்தை இழப்பதைவிட இந்தக் கோபம் மேல் என்று அவர் இருந்துவிட்டார்.

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். இருபத்தொன்பது வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. உடம்பில் பல வண்ணக் கந்தல்களை ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டை, ஒரு காதில் சோழி, இன்னொரு காதில் உடைந்த வளையல் துண்டு, கையில் துடைப்பம். அத்துடன் ஒரு மண்சட்டி. சாப்பிடுவது அதில், தண்ணீர் குடிப்பது அதில், வெயிலடித்தால் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொள்வதும் அதையே. மண்சட்டிக்கு மராத்தியில் காட்கே என்று பெயர். ஊரார் வைத்த அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவர் ஒரு கிராமத்துக்குள் நுழைகிற விதம் விசேஷமானது. யாரையும் பார்த்துப் பேசமாட்டார். நேரே தெருமுனைக்குப் போய்க் கூட்ட ஆரம்பிப்பார். அடைத்துக் கிடக்கும் சாக்கடையைக் குத்திவிடுவார். சாணமும் குப்பையும் ஓரமாகக் குவியும். ஊர்க்காரர்கள் முதலில் பைத்தியம் என்று நினைப்பார்கள், சிறுவர்கள் பின்னால் ஓடுவார்கள். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் அதற்கு ஈடாக விறகு பிளப்பது, வயல் வேலை என்று ஏதாவது செய்துவிட்டுத்தான் சோள ரொட்டியும் சட்னியும் வாங்கிக்கொள்வார். சாயங்காலம் சாவடியில் காட்கே பாபாவின் கீர்த்தனை இருக்கிறது என்று செய்தி பரவும். கூடி வந்த ஜனங்கள், காலையில் தங்கள் வாசலைக் கூட்டிய கந்தல்காரரே கீர்த்தனைக்கு எழுந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். மறுநாள் காலையில் ஊரே துடைப்பத்துடன் நிற்கும்.

தொண்டுக்கு ஜனங்கள் ஏன் வருகிறார்கள் என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. புண்ணியம் கிடைக்கும் என்று அவர் ஆசை காட்டவில்லை. நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்தவும் இல்லை. சந்தா நோட்டுடன் வாசலில் நிற்கவில்லை. தம் வீட்டு வாசலை வேறொருவர் கூட்டிக்கொண்டிருக்கும்போது கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது மனிதனுக்குச் சுலபமில்லை. முதலில் வருவது வெட்கம்தான். ஆனால் வெட்கம் ஒரு நாளைக்குத்தான் வேலை செய்யும். இரண்டாம் நாள் வந்தவர்களைப் பிடித்து வைத்தது வேறு. நிலக்காரரும் கூலியாளும் ஒரே வரிசையில் குனிந்து கூட்டியதும், அதன் பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்ததும், தீண்டாமை வேரோடியிருந்த அந்தக் காலத்தில் சாமானியமான காரியமில்லை. பந்தியில் சாதி பார்ப்பதைப் பாபா அனுமதிக்கவே மாட்டார். தெரு சுத்தமானதைவிட, தாழ்ந்தவன் என்று ஒதுக்கப்பட்டவனுக்கு அந்தப் பந்தியில் கிடைத்த இடம்தான் பெரிய லாபம்.

அவருடைய கீர்த்தனையை நம் ஊர்க் கதாகாலட்சேபம் மாதிரி என்று சொல்லலாம். ஆனால் புராணம் குறைவு, கேள்வி அதிகம். கூட்டத்தைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்பார். ஜனங்கள் கூட்டமாகப் பதில் சொல்வார்கள். பதில் சொல்லும்போதே தாங்கள் செய்வது தப்பு என்று அவர்களுக்கே விளங்கிவிடும். குடிக்காதே, கடன் வாங்கிக் கல்யாணம் செய்யாதே, சாமிக்கு என்று ஆடு கோழி வெட்டாதே, தீண்டாமை பார்க்காதே என்பவை அவர் திரும்பத் திரும்பச் சொன்னவை. சாப்பிடும் தட்டை விற்றுவிட்டு ரொட்டியைக் கையில் வைத்துத் தின்றாவது, மனைவிக்கு மலிவான புடவை வாங்கியாவது, பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பள்ளிக்கூடம் போகாதவரின் வாயிலிருந்து இது வந்ததால்தான் பலித்தது. பேரார் கிராமத்துக் கொச்சை மராத்தியில்தான் பேசுவார். படித்தவர்களும் அதைக் கேட்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

பூர்ணா நதிக்கரையில் ருணமோசன் என்று ஓர் ஊர். அங்கே பௌஷ மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய திருவிழா கூடும். நதியில் இறங்கச் சரியான துறை இல்லை. கரைச் சேற்றில் வயதானவர்களும் பெண்களும் வழுக்கி விழுவார்கள். பாபா கரையைச் சீர்படுத்தும் வேலையில் இறங்கினார். நாளடைவில் அங்கே கல் படித்துறை எழுந்தது. பண்டரிபுரத்திலும் அவர் காரியம் இப்படித்தான். ஆஷாட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் வார்க்கரி பக்தர்கள் வந்து குவிவார்கள். பாபா விட்டலனைத் தரிசிக்கக் கோயிலுக்குள் முண்டியடிப்பதில்லை. சந்திரபாகா நதி மணலில் பக்தர்கள் விட்டுப்போகும் அசுத்தத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார். அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்ட பக்தர்களுக்குக் கோயிலும் இல்லை, தங்கச் சத்திரமும் இல்லை. கோயில் கதவு அவர்களுக்குத் திறந்தது 1947இல், சானே குருஜியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகுதான். அதற்குப் பல வருடங்கள் முன்பே சொக்கமேளாவின் பெயரால் அவர்களுக்கு அங்கே ஒரு தர்மசாலையைப் பாபா கட்டி முடித்துவிட்டார். நாசிக், ஆளந்தி முதலிய ஸ்தலங்களிலும் சத்திரங்கள் எழுந்தன. பணம் ஜனங்களுடையது. பாபா கையால் தொடுவதில்லை. ஒவ்வொரு தர்மசாலைக்கும் தர்மகர்த்தாக்களை நியமித்து ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்துவிடுவார். தமக்குக் குருவும் இல்லை, சீடனும் இல்லை என்பதில் கண்டிப்பாக இருந்தார். காலில் விழ வந்தவர்களைத் துடைப்பத்தைக் காட்டி விரட்டியதுண்டு.

சங்கம் வைத்து நடத்திப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு பிள்ளையார் கோயில் கமிட்டியானாலும் சரி, காலனி சங்கமானாலும் சரி, வேலை செய்ய வருகிறவர்களைவிட மேடையில் நாற்காலி தேடி வருகிறவர்கள்தான் கூட்டத்தைக் கலைக்கிறார்கள். பாபா வைத்த இடத்தில் நாற்காலியே கிடையாது. அதனால் சண்டையும் குறைவு.

இந்த வாழ்க்கையில் மனசுக்கு ஒப்பாத பக்கமும் உண்டு. அவர் துறந்துவிட்டுப் போன வீட்டில் தாயாரும் மனைவியும் குழந்தைகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1923இல் கொங்கணத்துக் காரேபாட்டணில் கீர்த்தனை நடந்துகொண்டிருந்தபோது, ஒரே மகன் கோவிந்தா இறந்துபோனான் என்று செய்தி வந்தது. கீர்த்தனையை அவர் நிறுத்தவில்லை. பக்தர்கள் இதை வைராக்கியம் என்று கொண்டாடுகிறார்கள். அந்தத் தாயின் நிலையை நினைத்தால் என்னால் அப்படி முழுமனதாகக் கொண்டாட முடியவில்லை. தொண்டு என்றால் குடும்பத்தை விட வேண்டும் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாபாவோடு சேர்ந்து தெருக் கூட்டியவர்களும், படித்துறைக்குக் கல் சுமந்தவர்களும், பந்திக்குச் சமைத்தவர்களும் குடும்பஸ்தர்கள். வேலை முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போனவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் பாபா ஒரு தனி மனிதர், ஒரு துடைப்பம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. 1905க்குப் பிறகு அவருக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இல்லை. போன இடமெல்லாம் அவர் வெளியூர்க்காரர்தான். இது நம் ஊரா, நமக்கு எதற்கு வம்பு என்று பிழைக்க வந்த இடத்தில் நாம் சொல்லிக்கொள்கிற சமாதானத்தை அவர் ஒரு நாளும் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை.

டாக்டர் அம்பேத்கர் அவரிடம் மிகுந்த மரியாதை வைத்திருந்தார். பண்டரிபுரத்துத் தர்மசாலை பின்னால் மாணவர் விடுதியாகப் பயன்படட்டும் என்று அம்பேத்கரின் மக்கள் கல்விச் சங்கத்திடம் பாபா ஒப்படைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் கட்டிய சத்திரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் தங்கிப் படிக்க வழி பிறந்தது.

முதுமையில் அவர் பார்வை பம்பாய் மீது திரும்பியது. 1952இல் அங்கே காட்கே மகாராஜ் மிஷன் தொடங்கப்பட்டது. ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்கு வெளியூர்களிலிருந்து நோயாளிகளைக் கொண்டு வருகிற உறவினர்கள் தங்க இடமின்றி நடைபாதையில் படுப்பார்கள். நோயாளிக்குக் கட்டில் உண்டு, கூட வந்தவருக்கு வானம்தான் கூரை. அவர்களுக்காக 1954இல் ஒரு தர்மசாலை எழுந்தது. அந்த வழியிலேயே, டாட்டா ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் சிகிச்சைக்கு வருகிற ஏழைகள் தங்க தாதரிலும் மிஷனின் தர்மசாலை பின்னர் ஏற்பட்டது.

மகாராஷ்டிர அரசு 2000-01இல் அவர் பெயரால் கிராமத் துப்புரவு இயக்கம் ஒன்றைத் தொடங்கி, சுத்தமான கிராமங்களுக்குப் பரிசு அறிவித்தது. கிராமத்தார் சிரமதானம் செய்து கழிப்பறை கட்டினார்கள், தெருக் கூட்டினார்கள். பாபா பரிசு கொடுத்ததில்லை என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. பரிசுக்காகக் கூட்டினாலும் தெரு சுத்தமாகிறது. அதைப் பாபா ஆட்சேபிப்பார் என்று நான் நினைக்கவில்லை. பரிசு வாங்கிய மறு வருஷமும் அதே ஊரில் துடைப்பம் அசைகிறதா என்று மட்டும் கேட்டிருப்பார். 1998இல் தபால் தலை வெளியிட்டார்கள். அமராவதி பல்கலைக்கழகத்துக்கும் பின்னால் அவர் பெயரைச் சூட்டினார்கள். பட்டம் வழங்கும் அந்த ஸ்தாபனம், பள்ளிக்கூடமே போகாத வண்ணார் வீட்டுப் பிள்ளையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1956 நவம்பர் 8ஆம் தேதி பாந்த்ரா போலீஸ் நிலையத்தில் நடந்ததே பாபாவின் கடைசிக் கீர்த்தனை. டிசம்பர் 6ஆம் தேதி அம்பேத்கர் டில்லியில் மறைந்தார். சரியாகப் பதினான்கு நாள் கழித்து, டிசம்பர் 20ஆம் தேதி, உடல்நிலை மிக மோசமாக இருந்த பாபாவை மோட்டாரில் அமராவதிக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். வல்காவ் பக்கத்தில் பேடி நதிப் பாலத்தருகே வழியிலேயே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 80. சமாதி அமராவதியில், இன்று காட்கே நகர் என்று வழங்கும் இடத்தில் இருக்கிறது.