மக்பெத்தும் மதுரைக் கான் சாகிபும்

இராமநாதபுரம் சீமையிலே பனையூர் என்று ஒரு சிற்றூர் உண்டு. மழை பொய்த்தால் கண்மாய் காயும், கண்மாய் காய்ந்தால் வயிறு காயும் வறண்ட சீமை அது. எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அப்படிப்பட்ட மண்ணை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பனையூரிலே ஏறத்தாழ 1725ஆம் ஆண்டில் ஓர் எளிய வேளாளர் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. மருதநாயகம் என்பது அதற்கு இட்ட பெயர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அந்தப் பிள்ளையே பின்னாளில் இசுலாம் மார்க்கத்தைத் தழுவி, முகமது யூசுப் கான் ஆகி, கம்மந்தான் கான் சாகிபு என்று மதுரையும் திருநெல்வேலியும் நடுங்கவும் வாழ்த்தவும் வாழ்ந்து, 1764ஆம் ஆண்டில் தூக்குக் கயிற்றில் உயிர் துறந்தவர்.

இவ்வாண்டு எங்கள் வகுப்பில் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தின் முதல் அங்கத்தைப் படித்தோம். படிக்கப் படிக்க, இந்த வீரனை எங்கோ பார்த்திருக்கிறோமே என்ற எண்ணம் எழுந்தது. ஸ்காட்லாந்து வரை போக வேண்டியதில்லை, மதுரையிலேயே அவன் வாழ்ந்திருக்கிறான் என்று தோன்றவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலில் அந்த நாடகத்தின் தொடக்கத்தைச் சிறிது காண்போம். இடியும் மின்னலுமான ஒரு வெட்டவெளியில் மூன்று சூனியக்காரிகள் தோன்றுகின்றனர். அடுத்த காட்சியிலே, உடலெல்லாம் இரத்தம் வழிய வந்த ஒரு படைவீரன், தளபதி மக்பெத்தின் வீரத்தை மன்னன் டங்கனிடம் எடுத்துரைக்கிறான். மன்னன் மகிழ்ந்து, துரோகி ஒருவனிடமிருந்து பறித்த பட்டத்தை மக்பெத்துக்கு வழங்குகிறான். ஆகவே, நாம் மக்பெத்தைக் கண்ணால் காணும் முன்பே அவன் நல்லவன், அஞ்சாதவன், அரச விசுவாசி என்று கேள்விப்பட்டு விடுகிறோம். இதிலேதான் நாடகாசிரியரின் திறமை அடங்கியிருக்கிறது. தீயவன் ஒருவன் தீமை செய்தால் அதில் துன்பியல் ஏது? பிறகு சூனியக்காரிகள் அவனை வருங்கால அரசன் என்கின்றனர். அருகில் நின்ற பாங்கோவும் தன் சந்ததியைப் பற்றிய நற்செய்தியைக் கேட்கிறான். ஆனால் அவன் அதை ஐயத்துடன் ஒதுக்கி வைக்கிறான். மக்பெத்தோ திடுக்கிட்டு நிற்கிறான். அந்தத் திடுக்கிடலே போதும், ஆசை முன்பே உள்ளே குடியிருந்தது என்பதை நமக்குக் காட்டிவிடுகிறது. நம் பம்மல் சம்பந்த முதலியாரும் இந்நாடகத்தை மகபதி என்ற பெயரில் தமிழாக்கினார்.

இனிக் கான் சாகிபின் வரலாற்றுக்கு வருவோம்.

இளமையிலேயே வீட்டை விட்டு ஓடிப்போய்ப் புதுச்சேரியில் ஐரோப்பியர்களிடம் வேலை பார்த்தார். அங்கேதான் பிறமொழிகளும் போர்முறையும் பழகின. பின்னர் ஒரு சிறு படைக்குத் தலைவராகி ஆங்கிலக் கும்பெனியின் கொடியின்கீழ் வந்து சேர்ந்தார். திருச்சிராப்பள்ளிக் கோட்டையைச் சுற்றி நடந்த நெடும் போரிலேதான் அவர் திறமை வெளிப்பட்டது. நகரத்தில் உணவில்லை, சுற்றிலும் பகைவர். அந்த நிலையில் இரவோடு இரவாக உணவு வண்டிகளைப் பகைவர் கண்ணில் படாமல் கோட்டைக்குக் கொண்டு வருவதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. படைத்தலைவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அவரைப் பெரிதும் மதித்தார்.

அக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறாமல் இருக்க முடியாது. லாரன்சிடம் துபாசியாக இருந்த பொன்னியப்பன் என்பவன் பொறாமை கொண்டு, கான் சாகிபு பகைவரோடு சேர்ந்து சதி செய்வதாகக் காட்டும் பொய்க் கடிதம் ஒன்றைப் புனைந்தான். கான் சாகிபு சிறைப்பட்டார். ஆயினும் விசாரணையில் உண்மை வெளிப்பட்டது. பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டான். கான் சாகிபு விடுதலை பெற்று, 1754இல் கும்பெனியின் சிப்பாய்ப் படைகள் அனைத்துக்கும் கம்மந்தான் ஆனார். தங்கப் பதக்கமும் பெற்றார். துரோகியின் அழிவுக்குப் பின் பட்டம் பெற்ற மக்பெத்தின் நினைவு வருகிறதன்றோ! விசுவாசமாக இருந்த காலத்தில் துரோகி என்று பழி சுமத்தப்பட்டவர், பத்து ஆண்டு கழித்து அதே குற்றத்துக்காகவே தூக்கிலிடப்பட்டார்.

1756இல் அவரை மதுரைக்கு அனுப்பினர். பாளையக்காரர்கள் வரி கொடுக்க மறுத்து எதிர்த்து நின்ற காலம் அது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கான் சாகிபு தெற்கிலிருந்து விரைந்து சென்று, பகைவரின் பின்புறத்தைத் தாக்கித் தாக்கி அலைக்கழித்தார். சென்னை பிழைத்ததில் அவருக்கும் பெரும் பங்கு உண்டு. மறு ஆண்டு, மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் இரண்டையும் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் குத்தகைக்கு அவரிடம் ஒப்படைத்தனர்.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பிலேயே கருத்து இரண்டாகப் பிரிந்தது. நெற்கட்டான்செவல் பூலித்தேவரை நாங்கள் விடுதலை வீரராகப் போற்றுகிறோம். அவரை எதிர்த்துப் போரிட்டு, 1761இல் நெற்கட்டான்செவலையும் வாசுதேவநல்லூரையும் கைப்பற்றியவர் இந்தக் கான் சாகிபுதான். கும்பெனிக்காக நம்மவரை அடக்கியவரை எப்படிப் பெரியவர் என்பது என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். கொள்ளையரை அவர் அடக்கிய முறையும் மிகக் கொடுமையானது. இவற்றை மறைத்து எழுத எங்களுக்கு மனமில்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அவர் ஆட்சியில் வழிப்போக்கர் அச்சமின்றி நடந்தனர். கண்மாய்களும் கால்வாய்களும் செப்பனிடப்பட்டன. நெசவாளருக்கு ஆதரவு கிடைத்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய நிலங்கள் பிறர் கைக்குப் போயிருந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுத்தவர் இந்த இசுலாமிய ஆளுநர். அவருடைய மனைவியோ போர்த்துகீசிய வழிவந்த கிறிஸ்தவப் பெண். மாசா என்று அழைக்கப்பட்டாள். மூன்று சமயங்களும் அவர் வாழ்வில் கலந்து நிற்பதைக் கண்டு நாங்கள் வியந்தோம்.

மாசாவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மக்பெத்தின் மனைவி கணவனின் கடிதத்தைப் படித்தவுடனே கொலைக்குத் திட்டமிடுகிறாள், தயங்கிய கணவனைக் குத்திக்காட்டித் தூண்டுகிறாள். மாசா அப்படிச் செய்ததாக எங்கும் செய்தி இல்லை. முற்றுகையிட்ட கோட்டைக்குள் கைக்குழந்தையுடன் கணவரோடு இருந்தாள் என்பதே அவளைப் பற்றிக் கிடைப்பது. வரலாற்றில் பெண்களுக்கு எவ்வளவு சிறிய இடம்!

கான் சாகிபின் உள்ளத்தில் ஆசை எப்போது முளைத்தது? அவருக்குச் சூனியக்காரிகள் வாக்கு எதுவும் சொல்லவில்லை. அவரை உயர்த்திய வெற்றிகளே ஆசையையும் வளர்த்தன என்று நாங்கள் கருதுகிறோம். உழைத்துச் சீர்ப்படுத்திய சீமை தனக்கு ஏன் உரியதாகக் கூடாது என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆற்காட்டு நவாபு முகமது அலிக்கோ அவர்மீது அச்சமும் பொறாமையும். இனிக் கான் சாகிபு தன் கீழ் வேலைக்காரராகவே இருக்க வேண்டும் என்று நவாபு வற்புறுத்த, கும்பெனியும் இணங்கியது. ஆண்டுக்கு 7 இலட்சம் தருகிறேன், குத்தகையை எனக்கே விடுங்கள் என்ற பொருளில் கான் சாகிபு விண்ணப்பித்தார். ஏற்கவில்லை. மக்பெத்தும் இப்படித்தான், டங்கன் தன் மகனுக்கு இளவரசுப் பட்டம் சூட்டிய காட்சியிலேதான் தன் வழியில் ஒரு தடை விழுந்ததாக உணருகிறான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. டங்கன் நல்ல அரசன், மக்பெத்தின் வீட்டுக்கு விருந்தாளியாய் வந்தவன். முகமது அலியை அப்படிச் சொல்ல எங்களால் இயலாது.

1763இல் கான் சாகிபு துணிந்துவிட்டார். ஆங்கிலேயர் கொடியை இறக்கிப் பிரெஞ்சுக் கொடியை மதுரைக் கோட்டையில் ஏற்றினார். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் பாரிஸ் நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கை செய்து போரை முடித்திருந்தனர். துணைக்கு வரப் பிரெஞ்சுப் படை ஏது? மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரனும் அவனைச் சேர்ந்த சிறு கூட்டமும் மட்டுமே கிடைத்தனர்.

கும்பெனிப் படை அவ்வாண்டே கோட்டையைச் சூழ்ந்தது. கோட்டை அசையவில்லை. மழைக்காலம் வரவும் படை பின்வாங்கியது. மறு ஆண்டு மேஜர் சார்லஸ் காம்ப்பெல் தலைமையில் மீண்டும் வந்தனர். 1764 ஜூன் 26இல் மதிலை உடைத்து ஏற முயன்று, பெரும் உயிர்ச்சேதத்துடன் முறியடிக்கப்பட்டனர். திருச்சியில் இறைப்பணி செய்த ஷ்வார்ட்ஸ் ஐயர் அப்போது பாசறைக்கு வந்து, காயமுற்றோருக்கும் நோயுற்றோருக்கும் ஆறுதல் அளித்தார். பீரங்கியால் ஆகாததைப் பசி செய்யும் என்று கண்ட காம்ப்பெல், உணவு போகும் வழிகளை எல்லாம் அடைத்தார். முன்பு பட்டினி கிடந்த திருச்சிக்கு உணவு கொண்டு வந்தவரின் கோட்டையிலே இப்போது உணவில்லை!

பட்டினி நீண்டபோது உடனிருந்தவர் மனம் மாறியது. மார்ஷானும் திவான் சீனிவாசராவும் வைத்தியர் பாபா சாகிபும் கூடிச் சதி செய்தனர். அக்டோபர் 13ஆம் நாள் அவரைப் பிடித்துக் கட்டிக் காம்ப்பெல்லிடம் ஒப்படைத்தனர். தொழுகையில் இருந்தபோது, அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினார்கள் என்பது மதுரை மக்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அக்டோபர் 15ஆம் நாள் நவாபின் ஆணைப்படி மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் தூக்கிலிட்டனர். கயிறு அறுந்து அறுந்து விழுந்ததாகக் கதை சொல்வார்கள். அவர் உயிர் எளிதில் போயிருக்கும் என்று நம்ப மக்களுக்கு மனம் வரவில்லை போலும்.

உண்மையான மக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன். டங்கனைப் போர்க்களத்திலேதான் வென்று கொன்றான், உறங்கும்போது அல்ல. நாடகம் அவனைக் கொலைகாரனாக்கி உலகெங்கும் நிறுத்திவிட்டது. கான் சாகிபுக்கு நேர்ந்தது வேறு. கும்பெனியார் தங்கள் ஏடுகளில் அவரைக் கலகக்காரர் என்று எழுதி வைத்தனர். நாட்டுப்புறத்தாரோ கான் சாகிபு சண்டை என்ற கதைப் பாட்டாக அவரைப் பாடி வைத்தனர். மதுரையில் கான்பாளையமும் கான்சா மேட்டுத் தெருவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடத்தில் 1808இல் ஒரு சிறு பள்ளிவாசல் எழுந்தது. இன்றும் அங்கே மக்கள் சென்று வணங்கி வருகின்றனர்.