வோல்காக் கரையிலிருந்து வந்த மாணவர்

ஆவடிப் பகுதியில் வாழும் நமக்கு ரஷ்யா என்றதும் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1980களில் சோவியத் உரிமத்தோடு அங்கே உருவாகத் தொடங்கிய டி-72 டாங்கியும் நினைவுக்கு வருதல் இயல்பு. அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்னரே, படைக்கலம் ஏதுமின்றி, இசைக்கருவியையும் கல்வி வேட்கையையும் மட்டுமே துணையாகக் கொண்டு ஒரு ரஷ்யர் நம் சென்னைக்கு வந்தார். அவர் பெயர் கெராசிம் ஸ்தெபானவிச் லெபெதெவ். வங்க நாடக வரலாறு அவரைப் போற்றுகிறது. தமிழுலகம் அவரை ஏறத்தாழ மறந்துவிட்டது.

அவர் பிறந்த ஊர் யாரொஸ்லாவ்ல். மாஸ்கோவிலிருந்து காலை இரயிலில் புறப்பட்டால் சுற்றிப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். அவ்வாறு ஒரு பகற்பொழுதை அங்கே கழிக்கும் பேறு எனக்கும் வாய்த்தது. வோல்காவும் கோதரசல் ஆறும் கூடுமிடத்தில், 1010ஆம் ஆண்டில் அமைந்ததாகச் சொல்லப்படும் தொன்னகரம் அது. பதினேழாம் நூற்றாண்டின் எலியா தேவாலயத்துச் சுவரோவியங்கள் இன்றும் கண்ணைக் கவர்கின்றன. ரஷ்யரின் பழங்காவியமாகிய இகோர் படையெழுச்சியின் கைப்பிரதி இந்நகர மடத்தில்தான் கிடைத்தது என்பர். அப்பிரதி 1812இல் மாஸ்கோவில் மூண்ட தீக்கு இரையாயிற்று. ஏடுகளை நீருக்கும் நெருப்புக்கும் கொடுத்த நமக்கு அவ்விழப்பின் வலி புரியும்.

1750இல் ஃபியோதர் வோல்கவ் என்னும் இளைஞர் இவ்வூரில் தொடங்கிய நாடகக் குழுவே ரஷ்யத் தொழின்முறை நாடகத்தின் தொடக்கம். அதற்கு ஓராண்டு முன்னர், 1749இல், தேவாலய ஊழியர் ஒருவரின் மகனாக லெபெதெவ் இந்நகரில் பிறந்திருந்தார். நாடகம் பிறந்த ஊரின் பிள்ளை பின்னாளில் வேற்று நாட்டில் ஓர் அரங்கத்தை எழுப்பியது வியப்பன்று.

இளமையிலேயே இசையில் தேர்ந்த அவர், 1777இல் நேப்பிள்ஸுக்குப் புறப்பட்ட ரஷ்யத் தூதர் ரசுமோவ்ஸ்கியின் குழுவோடு தாய்நாட்டை நீங்கினார். பின்பு ஐரோப்பிய நகரங்களில் இசையை வாழ்வாக்கிக்கொண்டு, 1785 ஆகஸ்டில் சென்னையில் கரையேறினார். இங்கே இரண்டாண்டுகள் இசைவாணராகப் பணியாற்றினார். அக்காலத்து ஐரோப்பியர் மலபார் மொழி என்று வழங்கிய தமிழை இங்குதான் கற்றார். ஃபப்ரீசியஸின் தமிழ் அகராதி வேப்பேரியில் அச்சாகி அப்போது ஆறாண்டுகளே ஆகியிருந்தன.

ஆயினும் அவர் வேட்கை தணியவில்லை. வடமொழியும் இந்நாட்டார் மெய்யியலும் கற்க விரும்பிய அவருக்குத் தக்க ஆசிரியர் சென்னையில் வாய்க்கவில்லை. 1787இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

சென்னையில் கிட்டாத ஆசிரியர் அங்கே கோலோக்நாத் தாஸ் உருவில் கிட்டினார். லெபெதெவ் அவருக்கு இசை கற்பித்தார். அவரோ லெபெதெவுக்கு மொழி கற்பித்தார். இப்பண்டமாற்றின் விளைவு பெரிது. ஆங்கில நாடகம் ஒன்றை வங்கமொழியில் ஆக்கி, தாமே அரங்கம் அமைத்து, 1795 நவம்பர் 27ஆம் நாள் வங்க நடிகர்களையும் நடிகையரையும் கொண்டு மேடையேற்றினார். பாரதசந்திரரின் பாடல்களுக்கு இசையமைத்து அதில் சேர்த்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் மீண்டும் அந்நாடகம் நடந்தது. அதன்பின் பகையும் கடனும் சூழ்ந்தன. அரங்கை இழந்து, 1797இல் இந்தியாவையே நீங்கினார்.

1801இல் இலண்டனில் இந்துஸ்தானி இலக்கண நூலை வெளியிட்டார். அதில் பிழைகள் மலிந்திருப்பதைப் பிற்கால அறிஞர் சுட்டியுள்ளனர். தாயகம் திரும்பியபின் பீட்டர்ஸ்பர்க்கில் இந்திய எழுத்துகளைக் கொண்ட அச்சகம் நிறுவி, 1805இல் இந்தியச் சமயநெறிகளைப் பற்றிய நூலை அச்சிட்டார். 1817இல் மறைந்தார்.

தமிழ் அவரை இழந்ததன் காரணத்தை வோல்காக் கரையில் நின்று எண்ணிப் பார்த்தேன். வங்கத்தின் பெருமை ஒரே ஓர் ஆசிரியர் கதவைத் திறந்ததில் தொடங்கியது. அக்கணம் என் நினைவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒடிசா இளைஞர் ஒருவரின் முகம் எழுந்தது. தமிழ் எழுத்துக் கற்பிக்குமாறு அவர் என்னை இருமுறை கேட்டார். விடைத்தாள் திருத்தும் பணியைக் காரணம் காட்டி இருமுறையும் தட்டிக் கழித்தேன். பின்னர் அவர் கேட்கவில்லை. தமிழில் முனைவர் பட்டம் பெற்ற நான், அன்று லெபெதெவுக்கு வாய்க்காத ஆசிரியரின் இடத்திலேயே நின்றிருக்கிறேன்.

ரஷ்யர் தமிழை மறந்துவிடவில்லை. 1960இல் பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் தமிழ்-ரஷ்ய அகராதியை வெளியிட்டனர். 2020இல் மறைந்த அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் தமிழ் பயிற்றுவித்தார். தேடி வருவோர் என்றும் உளர்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் கவியரங்குகள் பல கண்டது. நூல்கள் பல கண்டது. பதினோராம் ஆண்டில் நம் கூட்ட நாளில் ஒரு மணிநேரத்தை, தமிழ் கற்க விரும்பும் வெளிமாநிலத்தவர்க்கு ஒதுக்குவோமாக. முதல் வகுப்பை நான் எடுக்கிறேன். அந்த இளைஞரை மூன்றாம் முறை கேட்கவைக்காமல், நானே சென்று அழைத்து வருவேன்.