மேல்பூச்சு அப்புறம், தரை முதல்: டி.வி. சுந்தரம் ஐயங்கார்



டி.வி.எஸ். என்ற பெயரைத் தெரியாதவங்க நம்ம காலேஜ்ல யாரும் இருக்க முடியாது. பார்க்கிங்ல நிக்கிற வண்டிகள்ல எத்தனையோ வண்டியில அந்தப் பெயர் இருக்கு. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அந்தக் குழும நிறுவனங்கள் வருமான்னு காத்திருக்கிறவங்களும் நம்மில் உண்டு. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான மனிதரை நமக்கு எவ்வளவு தெரியும்?

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. கூடவே கார் ஒர்க்ஷாப் தரைக்குப் போடுகிற எபாக்சி பூச்சு பற்றியும் கொஞ்சம் பேசப் போறோம். அவருக்கும் எபாக்சிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? நடுவுல ஒரு பழைய டயர் வரும். அது வரைக்கும் பொறுமையா வாங்க.

மூணு வேலையை விட்டவர்

நெல்லைச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர் திருக்குறுங்குடி. நம்பி கோயிலுக்குப் பேர் போன ஊர். அங்கே 1877 மார்ச் 22-ல் பிறந்தார் சுந்தரம் ஐயங்கார். அப்பாவின் விருப்பப்படி முதலில் வக்கீல் தொழிலுக்குப் போனார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பிறகு வங்கியில் வேலை.

மூணுமே அன்றைக்குப் படித்த குடும்பங்கள் ஏங்கிய வேலைகள். மாதம் பிறந்தால் சம்பளம், ஊரில் மரியாதை, கையில் மையைத் தவிர வேறு கறை படாது. அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் எண்ணெயும் கிரீஸும் புழங்குகிற தொழிலுக்கு வந்தார். 1911-ல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். 1912-ல் மதுரையில் பேருந்து ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 35. இன்னைக்கு நம்ம வீட்டில் யாராவது பேங்க் வேலையை விட்டுட்டு புதுசா ஒண்ணு செய்யப் போறேன்னு சொன்னா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நூறு வருஷத்துக்கு முன்னால் அது இன்னும் எவ்வளவு பெரிய முடிவு!

அந்தக் காலத்து ரோட்டையும் கொஞ்சம் மனசில் கொண்டு வாங்க. பெரும்பாலும் மண்ணும் சரளையும்தான். மாட்டு வண்டித் தடங்கள், மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. வண்டி கப்பலில் வர வேண்டும், உதிரி பாகமும் கப்பலில்தான் வர வேண்டும். வழியில் ஒரு ஸ்பிரிங் பட்டை உடைந்தால், ஃபோன் போட்டு வரவழைக்கப் பக்கத்தில் கடை கிடையாது. பணம் இருந்தால் யார் வேணாலும் பஸ் வாங்கலாம். அந்த பஸ் நாளைக்கும் நாளை மறுநாளும் ஓடணும்னா, பின்னால் ஒரு நல்ல பட்டறை இருந்தாகணும். சுந்தரம் ஐயங்காரின் தொழில் நின்றது இந்த இடத்தில்தான்.

அவருடைய பேருந்துகளும் லாரிகளும் சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் ஓடின. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து கடிகாரத்தைச் சரி செய்வார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீங்க. கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகவே இருக்கட்டும். நேரத்துக்கு வருகிற பஸ்ஸுக்குப் பின்னால், முந்தின ராத்திரி பிரேக்கையும் போல்ட்டையும் பார்த்து வைத்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். பயணியின் கண்ணுக்கு அவர் தெரிய மாட்டார், அவ்வளவுதான்.

பெட்ரோல் இல்லாத காலம்

1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. பஸ் முதலாளிக்கு இதைவிடப் பெரிய சோதனை என்ன இருக்க முடியும்?

சுந்தரம் ஐயங்கார் உருவாக்கிய பதில், டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். மெக்கானிக்கல் பசங்களுக்கு இது நல்லாவே புரியும். கரியைப் போதிய காற்று இல்லாமல் எரித்தால், முழுசா எரியாமல் கார்பன் மோனாக்சைடு அதிகமுள்ள வாயு வரும். அதைக் குளிர வைத்து, வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். பெட்ரோல் அளவுக்கு இழுவை இருக்காது. மேட்டில் திணறும். சாம்பலும் தாரும் வடிகட்டியை அடைக்கும், தினமும் சுத்தம் செய்யணும். பராமரிக்கத் தெரியாதவர் கையில் இது ரெண்டு நாள் கூடத் தாங்காது. ஒழுங்கான பட்டறை வைத்திருந்தவருக்குத்தான் இது கைகொடுத்தது.

டயர் சொல்லும் பாடம்

அவர் தொடங்கிய தொழில்களில் இன்னொன்று, டயர் ரீட்ரெடிங். தேய்ந்த டயரைத் தூக்கிப் போடாமல், மேலே புது ரப்பர் ஏற்றி மறுபடியும் ஓட்டுவது. இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

ரீட்ரெடிங் எப்படி நடக்குதுன்னு பார்த்திருக்கீங்களா? முதலில் பழைய டயரை நல்லா சோதிக்கணும். உள்ளே நூல் அறுந்திருந்தால் அது தேறாது. அடுத்து, வழவழப்பாகத் தேய்ந்த மேல்பரப்பை மிஷினில் கொடுத்துச் சுரண்டிச் சொரசொரப்பாக்கணும். தூசி போகத் துடைக்கணும். அதன் மேல் ரப்பர் பசை, அதற்கு மேல் புது ரப்பர். கடைசியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வேக வைக்கணும். சுரண்டுவதில் சோம்பல்பட்டால் ரப்பர் எவ்வளவு உசத்தியானாலும், ரோட்டில் சூடேறினதும் பட்டையாக உரிந்து வரும். நம்ம நாலுவழிச் சாலை ஓரத்தில் கறுப்பாய்க் கிடக்கிற டயர்ப் பட்டைகளைப் பார்த்திருப்பீங்க.

இப்போ எபாக்சி தரைக்கு வருவோம். பொருள்தான் வேற, வேலை அப்படியே இதேதான்.

ஒர்க்ஷாப் தரை

ஒண்ணை முதலில் சொல்லிடணும். எபாக்சி பிசின் 1930-களில் ஆய்வுக்கூடங்களில் உருவாகி, 1940-களில்தான் விற்பனைக்கு வந்தது. அதனால் சுந்தரம் ஐயங்கார் தொழில் தொடங்கின காலத்துப் பட்டறைகளில் எபாக்சி தரை கிடையாது. ஆனால் அவர் பிழைத்த தொழிலின் விதி இந்தத் தரைக்கும் பொருந்துகிறது.

சூலக்கரை தொழிற்பேட்டைப் பக்கமோ, சாத்தூர் ரோட்டிலோ ஒரு கார் ஒர்க்ஷாப்புக்குப் போனால் தரையைப் பாருங்க. வெறும் சிமென்ட் தரைக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. எஞ்சின் ஆயில் அதில் இறங்கிக் கறுப்பாய் ஊறும். பேட்டரி ஆசிட் பட்ட இடம் அரிக்கும். ஜாக்கி நிற்கிற இடம் பொடியும். அந்தப் பொடி பறந்து, பிரித்து வைத்த எஞ்சினுக்குள் விழும். அந்தத் தரையில்தான் நம்ம வயசுப் பையன் ஒருத்தன் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் வேலை செய்கிறான். சுத்தமான, வழுக்காத தரை முதலில் அவனுக்கு வேணும். கஸ்டமருக்குக் காட்டுவது அதற்கு அப்புறம்தான்.

எபாக்சி என்பது நம்ம வீட்டு அரால்டைட்டின் பெரியப்பா பிள்ளைன்னு வச்சுக்கங்க. ரெண்டு டியூப், ஒன்று பிசின், மற்றது இறுக்கி. கலந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று குறுக்கே பின்னிக்கொண்டு கெட்டிப்படும். மறுபடி சூடாக்கினாலும் உருகாது. ஆயில், பெட்ரோல் எல்லாவற்றையும் நல்லாவே தாங்கும். அப்படியிருந்தும் பல இடங்களில் ஆறு மாசத்தில் தோல் தோலா உரியுதே, ஏன்? குறை பெரும்பாலும் டப்பாவில் இல்லை, அடியில் இருக்கு.

முதல் எதிரி எண்ணெய். ஊறிப்போன தரையை டிகிரீசர் போட்டு, சுடுதண்ணி விட்டுத் தேய்த்துக் கழுவணும். அப்புறம் கிரைண்டிங் மிஷினால் மேல்தோலை எடுத்துச் சொரசொரப்பாக்கணும். முடிந்ததும் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்க. தரை குடித்தால் சரி. முத்து முத்தாய் நின்றால் உள்ளே இன்னும் எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது எதிரி ஈரம். புதுக் கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் விடணும். பழைய தரை என்றால், முழ அளவு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. எடுக்கும்போது அடியில் நீர் முத்தோ, தரை கறுத்தோ இருந்தால் அப்போதைக்குப் பூசக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு அவசரப்பட வேண்டாம்.

மூணாவது, நம்ம ஊருக்கே உரியது. விருதுநகர், சாத்தூர் வட்டாரத்தில் பெரும்பகுதி கரிசல் பூமி. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அடிமண்ணை மாற்றி, கிராவல் போட்டு இறுக்காமல் தளம் போட்டால் கான்கிரீட் வெடிக்கும். அசைகிற வெடிப்பின் மேல் எபாக்சி போட்டால் அதுவும் கூடவே வெடிக்கும். எபாக்சி இறுக்கமான பொருள், ரப்பர் மாதிரி இழுபடாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பிரைமர். வண்டியை ஜாக்கியில் ஏற்றுகிற இடத்துக்கு ரோலரில் தடவுகிற மெல்லிய பூச்சு போதாது, ரெண்டு மூணு மில்லிமீட்டர் கனம் வேணும். கலவை விகிதத்தைக் கண்ணளவில் போடாமல் அளந்து போடணும். நம்ம வெயிலில் கலந்த கலவையை பக்கெட்டில் வைத்துக்கொண்டு கதை பேசினால், தானே சூடாகி அங்கேயே கல்லாகிடும். தரையின் சூடு இறங்குகிற சாயங்கால நேரம் நல்லது. காலையில் பூசினால், வெயில் ஏற ஏறத் துளையில் இருக்கிற காற்று விரிந்து, பூச்சில் குமிழ் குமிழாய் வரும். எண்ணெய் சிந்துகிற இடத்தில் வழுக்காமலிருக்க, ஈரம் காய்வதற்குள் குவார்ட்ஸ் மணல் தூவணும். கையுறை கட்டாயம், தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தவர்களுக்கு அது லேசில் விடாது. மறுநாள் நடக்கலாம், வண்டி ஏற்ற ஒரு வாரம் பொறுக்கணும். இல்லைன்னா ஓடிவந்த சூட்டு டயர் பூச்சைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

சிவகாசிப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண எபாக்சி மின்சாரத்தைக் கடத்தாது. நிலை மின்னூட்டம் தரைக்குள் இறங்காமல் தங்கிப்போகும். கார் ஒர்க்ஷாப்புக்குப் போட்ட அதே பூச்சை, பளபளன்னு இருக்கேன்னு மருந்து புழங்குகிற அறைக்குப் போட்டுடாதீங்க. அங்கே விதிமுறை வேற, பொருளும் வேற.

பஸ் போன பிறகும்

மறுபடி மதுரைக்கு வருவோம். 1950-களில் சுந்தரம் மோட்டார்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு இந்தியாவிலேயே பெரிய விநியோகஸ்தராக இருந்தது. வண்டியை விற்பதோடு நில்லாமல், உதிரி பாகத்துக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்று தனி நிறுவனமும் நடந்தது.

வீட்டிலும் அவருக்குச் சோதனை இருந்தது. மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்குக் கதவுகள் எல்லாம் மூடிவிடும். இந்தக் குடும்பம் மகளைப் படிக்க வைத்தது. அவர் டெல்லியில் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டரானார். 1940-ல் காந்தியின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். 1947-ல் இருவரும் தொடங்கியதுதான் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமம்.

தொழிலை மகன்கள் கையில் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற சுந்தரம் ஐயங்கார், 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் காலமானார். வயது 78.

அவர் போன பிறகு நடந்ததைக் கவனிங்க. 1970-களின் தொடக்கத்தில் பேருந்துத் தடங்கள் அரசுடைமையாயின. டி.வி.எஸ். பஸ் ஓடின மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. எந்தத் தொழிலால் பெயர் வந்ததோ, அந்தத் தொழிலே கையை விட்டுப் போனது. வேறொரு நிறுவனமாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். இங்கே முடியவில்லை. பிரேக், சக்கரம், மின் பாகம், போல்ட் நட் என்று 1960-களிலேயே குழுமம் உற்பத்தியில் இறங்கியிருந்தது. வண்டியைப் பிரித்துப் பூட்டிப் பழகிய அறுபது வருஷ அறிவு அடியில் இருந்தது. மேலே இருந்த பஸ் போனாலும் அடித்தளம் பெயரவில்லை.

நண்பர்களே, ரிப்பேர் வேலை என்றால் நம்மில் சிலருக்கு இன்னும் ஒரு மட்டமான எண்ணம் இருக்கு. டிசைன்தான் எஞ்சினியரிங், ஸ்பேனர் பிடிப்பது வேற யாரோ செய்ற வேலைன்னு நினைக்கிறோம். சுந்தரம் ஐயங்கார் வாழ்க்கையை ஒருமுறை நினைச்சுப் பாருங்க. இந்த செமஸ்டர் லீவில் உங்க ஊர் ஒர்க்ஷாப் அண்ணன் ஒருத்தர்கிட்ட அனுமதி கேட்டு, அவர் தரையில் அந்தத் தண்ணிச் சொட்டுச் சோதனையும் பிளாஸ்டிக் தாள் சோதனையும் செய்து பாருங்க. செலவு பத்து ரூபாய் டேப்தான். கிடைச்ச முடிவை அவருக்குப் புரியும்படி உட்கார்ந்து சொல்லுங்க. பூச்சுக்குப் பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் அவருக்கு அது பெரிய உதவி. உங்களுக்கும் மினி பிராஜெக்ட்டுக்கு ஒரு நல்ல தலைப்பு கிடைக்கும்.